கொண்டலொடு புகுந்த சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

படிப்பாரற்றுக் கிடக்கும் பழைய நூல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு, இராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்களிலிருந்தே மிகுதியான கடிதங்கள் வந்துள்ளன. அவற்றிலிருந்து ஏழு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: காப்பியம் என்றாலே மதுரை, பூம்புகார், வஞ்சி என்றுதான் பாடநூலில் படித்தோம். எங்கள் தொண்டிக்கு அவற்றில் இடம் உண்டா? கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்த என்னைப் போன்றவர்கள், புலவர்களின் துணையில்லாமல் அந்த நூல்களைப் படிக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, தொண்டி)

பதில்: இடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், கோவலன் நகரைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், பின்பனிக் காலத்தைச் சொல்லும் இடத்தில் உங்கள் ஊர் வருகிறது.

"ஓங்கிரும் பரப்பின் வங்க ஈட்டத்துத்
தொண்டியோர் இட்ட அகிலும் துகிலும்
ஆரமும் வாசமும் தொகுகருப் பூரமும்
சுமந்துடன் வந்த கொண்டலொடு புகுந்து"

பெருங்கடலில் கூட்டமாக வந்த வங்கங்களில் தொண்டியோர் ஏற்றியனுப்பிய அகில், துகில், சந்தனம், வாசப் பொருள், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தையெல்லாம் சுமந்துகொண்டு கொண்டற் காற்று பாண்டியனின் கூடல் நகருக்குள் நுழைகிறது என்பது கருத்து. சரக்கை வண்டியில் ஏற்றாமல் காற்றின் தோளில் ஏற்றியிருக்கிறார் இளங்கோவடிகள். இந்தத் தொண்டி சேரநாட்டு மேற்குக் கரையில் இருந்த தொண்டியாக இருக்கக் கூடாதா என்று உங்கள் ஆசிரியர் யாரேனும் கேட்கலாம். சங்கப் பாடல்களில் அடிக்கடி வருவது அந்தச் சேரர் தொண்டிதான் என்பதும் உண்மை. ஆனால் இந்த இடத்தில் ஐயத்தைத் தீர்த்துவைப்பது ஒரே ஒரு சொல், அது கொண்டல். கொண்டல் என்பது கீழ்க்காற்று. மேற்குக் கரையின் மணத்தைக் கீழ்க்காற்று மதுரைக்குக் கொண்டுவர இயலாது. மதுரைக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் தொண்டியிலிருந்துதான் அது வரமுடியும்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மதுரையிலோ சென்னையிலோ இந்த அடிகளைப் படிப்பவர் கொண்டலுக்கு உரையைப் புரட்ட வேண்டும். உங்களுக்கு அது காலையில் வள்ளத்தைத் தள்ளும்போது முகத்தில் படுகிற காற்று. நெய்தல் திணைப் பாடல்களில் வரும் கழி, கானல், திமில், வலை, சுறா ஆகியவற்றில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்துப் பழகியவை. ஆகவே முதலில் பாட்டை வாய்விட்டு மூன்று முறை படியுங்கள்; தெரிந்த சொற்களின் கீழே கோடிடுங்கள்; அதன் பிறகு உரையைத் திறவுங்கள். உரை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 'ஆரம்' என்பது ஓரிடத்தில் முத்தாகவும் ஓரிடத்தில் சந்தனமாகவும் நிற்பதை உரைதான் பிரித்துக் காட்டும். ஆனால் உரைக்கு முன் உங்கள் காது பாட்டைக் கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: தனுஷ்கோடி சங்கப் பாடலில் வருகிறது என்கிறார்களே, உண்மையா? என் பாட்டி பிறந்த ஊர் அது.
(வாசகர், இராமேசுவரம்)

பதில்: அகநானூற்றின் 70ஆம் பாடலைப் பற்றித்தான் சொல்லியிருப்பார்கள். பாடியவர் மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார். தலைவனும் தலைவியும் மறைவாகச் சந்தித்துக்கொண்டிருந்த நாளில் ஊர் வாய்மூடாமல் அலர் தூற்றியது. திருமணம் உறுதியானதும் அந்த ஊர் பேச்சடங்கிப் போயிற்று. எதைப் போல அடங்கியது என்பதற்குத் தோழி ஓர் உவமை சொல்கிறாள்:

"வெல்வேற் கவுரியர் தொன்முது கோடி
முழங்கிரும் பௌவம் இரங்கும் முன்றுறை
வெல்போர் இராமன் அருமறைக்கு அவித்த
பல்வீழ் ஆலம் போல
ஒலியவிந் தன்றிவ் வழுங்கல் ஊரே"

கடல் முழங்கும் கோடித் துறையில், விழுதுகள் பல விட்ட ஓர் ஆலமரத்தடியில் இராமன் அரிய மறைபொருள் ஒன்றை ஆராய்ந்தபோது, மரத்துப் பறவைகளின் ஆரவாரத்தை அடங்கச் செய்தானாம். அப்படி அடங்கிற்று இந்த ஊர் என்கிறாள். கோடி என்பது நிலத்தின் முனையைக் குறிக்கும் பொதுச்சொல், கோடிக்கரையும் அப்படிப் பெயர்பெற்றதுதான். எனவே மாற்றுக் கருத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. எனினும் 'கவுரியர்' என்று பாண்டியரைச் சொல்லி அவர்களுக்குரிய கோடி என்று புலவர் குறிப்பதாலும், இராமன் பெயர் அதனோடு சேர்ந்து வருவதாலும், இது தனுஷ்கோடியே என்று கொள்வோர் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

எனக்கு அந்த அடையாளத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. பறவைகளை அடக்கிய இந்த ஆலமரக் கதை வான்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. இக்கரையில் யாரோ யாருக்கோ சொல்லிவந்த கதையை, ஒரு காதற் பாட்டின் உவமையாக மட்டும், ஐந்து அடிகளுக்குள் ஒரு புலவர் காப்பாற்றி வைத்திருக்கிறார். அந்த ஏடு ஒன்று செல்லரித்திருந்தால் இராமன் கதையின் இந்தக் கிளை சுவடில்லாமல் போயிருக்கும். அதே பாட்டின் தொடக்கத்தையும் பாருங்கள். நல்ல வேட்டம் வாய்த்ததும், புலால் மணக்கும் சிறுகுடிப் பாக்கத்தில், 'குறுங்கண் அவ்வலை'யின் பயனைப் பாராட்டி, கொழுத்த அயிலை மீனைப் பரதவர் எல்லாருக்கும் பகுத்துக் கொடுக்கிறார்கள். வலையின் துளைக்குக் கண் என்று பெயர். கன்னியாகுமரிப் பக்கத்தில் அந்த மீனை இன்றும் அயிலை என்றே சொல்கிறார்கள்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வந்த புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்று உங்கள் பாட்டியிடம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'ஒலியவிந்தன்று இவ்வழுங்கல் ஊரே' என்ற அடியை அந்த இடிந்த சுவர்களுக்கு நடுவில் நின்று ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பாட்டில் அது திருமணச் செய்தி கேட்டு அடங்கிய ஊர். மகிழ்ச்சியைச் சொல்லும் அடி. அன்று என்னால் அதை அப்படிச் சொல்ல முடியவில்லை.

கேள்வி: அழகன்குளம்தான் பழைய மருங்கூர்ப் பட்டினமா?
(பள்ளி மாணவர், தேவிபட்டினம்)

பதில்: அப்படிக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. வைகை கடலோடு சேரும் இடத்துக்கு அருகிலுள்ள அந்த ஊரில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 தொடங்கிப் பல பருவங்கள் அகழாய்வு செய்து, உரோமானிய நாணயங்களையும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும், கப்பலின் உருவத்தைக் கீறிய ஓடு ஒன்றையும் எடுத்தது. அகநானூற்றின் 227ஆம் பாடலில் நக்கீரர் 'இருங்கழிப் படப்பை மருங்கூர்ப் பட்டினத்து எல்லுமிழ் ஆவணம்' என்று ஒளி வீசும் கடைத்தெருவையும் அதன் இரைச்சலையும் சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிவு சொல்ல அவசரம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் வள்ளல் சீதக்காதியின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவர் எழுதச் சொன்ன சீறாப்புராணத்தை முழுவதும் படித்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பாடநூலில் வரும் நான்கு பாடலோடு முடிந்துவிடுகிறது. ஏன் இப்படி? மற்றச் சமயத்தாரும் படிக்கத்தக்க நூலா அது?
(வாசகி, கீழக்கரை)

பதில்: உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்கள் கொண்ட பெருங்காப்பியம் அது. அதைப் பாடிய உமறுப் புலவர் எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். சீதக்காதி இடையில் மறைந்த பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் என்ற வள்ளல் ஆதரிக்க, பாடும் பணி தொடர்ந்தது. நபிகள் நாயகத்தின் இறுதிக் காலம் வரை செல்லாமல் நூல் நின்றுவிட்டது; மீதியைப் பின்னாளில் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார்.

இந்நூல் 1842இல் அச்சேறிவிட்டது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த ஆண்டு 1887. அதாவது, ஏட்டிலிருந்து தாளுக்கு வந்த தமிழ்க் காப்பியங்களின் வரிசையில் சீறா மிக முற்பட்டது. ஆனால் பழந்தமிழ் மீட்பின் வரலாற்றைச் சொல்லும் மேடைகளில் இந்த ஆண்டைக் குறிப்பிடுவோர் மிகக் குறைவு. இலக்கிய வரலாற்றை 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்' என்று தனி அறையில் வைத்துப் பூட்டி, அந்த அறைக்குள் உரியவர்கள் மட்டும் போகட்டும் என்று விட்டுவிட்டதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. இதனால் இழந்தவர்கள் எல்லாரும்தான். நூலின் முதற்பாட்டு 'திருவினும் திருவாய்ப் பொருளினும் பொருளாய்த் தெளிவினும் தெளிவதாய்ச் சிறந்த' என்று தொடங்குகிறது. இதைப் படித்துவிட்டு இது யாருடைய கடவுள் வாழ்த்து என்று பார்ப்பதற்கு முன், எவ்வளவு நல்ல தமிழ் என்றுதான் எவருக்கும் தோன்றும். அரபு நாட்டில் நடக்கும் கதைக்குள் கம்பர் காட்டிய வழியில் நாட்டு வளத்தையும் நகர வளத்தையும் உமறு பாடுகிறார். பாலைநிலத்தைத் தமிழ்ப் பாலையின் சொற்களாலேயே காட்டுகிறார். கம்பரை விரும்பிப் படிப்பவர் சீறாவைப் படிக்காமல் இருப்பது, ஒரே ஆற்றின் ஒரு கரையில் மட்டும் குளிப்பது போன்றது.

கீழக்கரையில் இருக்கும் நீங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் உங்கள் ஊரில் நெடுநாள் செழித்தது. 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பேரறிஞர்கள் அதில் எழுதினார்கள். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த மூதாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும். அவர்களிடம் போய் உட்காருங்கள். ஒருவர் படிக்கக் கேட்டு மற்றொருவர் தமிழெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாள் தள்ளக்கூடாத வேலை இது.

கேள்வி: அமெரிக்காவில் எல்லைப்புறக் கதைகள் என்று ஓர் இலக்கிய வகையே இருக்கிறது, குடியேறியவர்கள் எழுதிய அனுபவங்களை இன்றும் தேடிப் பிடித்து மறுபதிப்புச் செய்கிறார்கள். நம் கடற்கரையைப் பற்றி அப்படி ஏதும் உண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், இராமநாதபுரம்)

பதில்: ஐயா, அங்கே அந்த வகை மிகப் பழையது. பூர்வகுடிகளிடம் சிறைப்பட்டு மீண்ட மேரி ரோலண்ட்சன் என்ற பெண்மணி தம் அனுபவத்தை எழுதி 1682இல் வெளியிட்டார்; அதற்குப் பின் அத்தகைய நூல்கள் நிறைய வந்தன. அவற்றில் எல்லை என்பது பெரும்பாலும் இப்பால் நாம், அப்பால் அவர்கள் என்று நிலத்தின் மேல் நகர்ந்துகொண்டே போகும் கோடு. நம் கரையிலோ எல்லை என்பது கடல். அது நகரவில்லை, அதைக் கடந்து வந்தவர்கள்தான் எழுதினார்கள்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, இலங்கைக்கும், மாபார் என்று அரபியர் அழைத்த நம் தமிழ்க் கரைக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த முத்துக்குளிப்பை விரிவாகச் சொல்கிறார். ஏப்ரல் தொடங்கி மே நடுவரை பருவம். வணிகர்கள் கூட்டுச் சேர்ந்து வருவார்கள். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, பெருமீன்கள் குளிப்பவரைத் தீண்டாதபடி மந்திரம் சொல்பவர்களுக்கு. பகலில் மட்டும் மந்திரக்கட்டு, இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் சுறாவைக் கட்டும் அந்த மனிதர்களுக்குக் 'கடல்கட்டி' என்று நம் மொழியில் பெயரே இருந்தது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் அவர்களுக்குரிய பங்கு நெடுங்காலம் தொடர்ந்தது. வெளியூரார் ஒருவர் எழுதிவைத்ததும் நம் சொல் ஒன்றும் இப்படிக் கைகோத்து நிற்பதைப் பார்க்கும்போது, பயண நூலை வெறும் வியப்புக் கதையாகப் படிக்கக் கூடாது என்று தெரிகிறது.

மொராக்கோவைச் சேர்ந்த இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மாபார் கரைக்கு வரும் வழியில் அவர் ஏறிய கப்பல் புயலில் சிக்கியது. உடைந்த கப்பலின் பின்பகுதியில் இரவெல்லாம் தவித்திருந்த அவரை, விடிந்ததும் கரையோர மக்கள் படகில் வந்து மீட்டார்கள். அமெரிக்க எல்லைக் கதையில் அப்பால் இருப்பவர் சிறைப்பிடிக்கிறார். நம் கரைக் கதையில் அப்பால் இருப்பவர் படகோடு வருகிறார். இரண்டு கதைகளை வைத்து இரண்டு நாகரிகங்களை எடைபோடுவது முறையன்று. எனினும் இந்த ஓர் இரவைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லியிருந்தால், அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இப்பயண நூல்களுக்குத் தமிழாக்கங்கள் உள்ளன. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் மூன்று ஏட்டுக் கட்டுகள் கிடைத்தன. ஒன்று பூச்சி அரித்திருக்கிறது. ஒன்றில் ஏடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்வது?
(வாசகர், உத்தரகோசமங்கைக்கு அருகில் ஒரு சிற்றூர்)

பதில்: ஆற்றில் விடவேண்டாம். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்று இல்லை. எழுபது பரிபாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு மட்டுமே. அவையெல்லாம் பகைவர் கொளுத்தி அழிந்தவை அல்ல. பெரும்பாலும் புண்ணியம் என்று நினைத்து ஆற்றில் விட்டும், பாரம் என்று நினைத்து எறிந்தும் போனவை. ஒரு கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்ட செய்தியைக் கேட்டு மனம் நொந்ததை உ.வே.சா. தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

முதலில், ஒட்டிய ஏடுகளைப் பிரிக்காதீர்கள். நகத்தாலோ கத்தியாலோ நெம்பினால் எழுத்தோடு மேல்தோல் உரிந்துவிடும். அது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டிய வேலை. தண்ணீரில் கழுவாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். நல்ல நிலையிலுள்ள கட்டை மட்டும் நிழலில் வைத்து, மென்மையான தூரிகையால் புழுதியைத் தள்ளுங்கள். கயிறு இற்றுப்போயிருந்தால் ஏடுகளின் வரிசை கலையாதபடி புதுக்கயிறு கோத்த பிறகே பழையதை எடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் கடற்கரையின் உப்பு ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டோடு, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். ஏடு வறண்டு முறிவதாக இருந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது வழக்கம்; ஆனால் அதையும் அறிந்தவர் செய்யட்டும். கைப்பேசியில் ஒவ்வோர் ஏட்டின் இருபுறத்தையும் வரிசை மாறாமல் படமெடுத்துவிடுங்கள்.

பிறகு கடைசி ஏட்டைப் பாருங்கள். எழுதி முடித்தவர் கொல்லம் ஆண்டு, தமிழ் மாதம், நாள், ஊர், தம் பெயர் ஆகியவற்றை அங்கே குறித்திருக்கக் கூடும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். மை பூசினால் தெளிவாகும், அதையும் சுவடித் துறையார் செய்வார்கள். படிக்க முயன்று திணறினாலும் மனம் தளராதீர்கள். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; எகரமும் ஏகாரமும் ஒன்று போலவே இருக்கும்; காலும் ரகரமும் ஒரே வடிவம். ஒரே சொல்லை மூன்று விதமாகப் படிக்க இடமுண்டு. அதனால்தான் பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்பிட்டார்கள். உங்கள் கட்டு ஏற்கெனவே அச்சான நூலாகவே இருந்தாலும் பயனற்றதாகிவிடாது. ஒரு பாடத்தைத் திருத்த அது உதவலாம். மருத்துவக் குறிப்பாகவோ, நிலக் கணக்காகவோ, ஊர்க் கும்மியாகவோ இருந்தால் அது வேறெங்குமே இல்லாததாகவும் இருக்கலாம்.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறைக்கோ, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ, உ.வே.சா. நூலகத்துக்கோ எழுதுங்கள். கொடுத்தால் எழுத்து வடிவில் ஒப்புச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் தாத்தா வீட்டில் இருந்த நொண்டி நாடக ஏடு ஒன்றை, படித்துவிட்டுத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் இளமையில் நம்பிக் கொடுத்தேன். அது திரும்பி வரவில்லை. அதில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல எங்கள் குடும்பத்தில் இன்று யாரும் இல்லை.

கேள்வி: என் தந்தையார் சங்கு குளித்தவர். இப்போது கண்பார்வை குன்றி வீட்டோடு இருக்கிறார். மாலையில் ஏதாவது பழைய நூலைப் படித்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன். எதில் தொடங்குவது?
(வாசகி, பெரியபட்டினம்)

பதில்: தங்கையே, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள திருப்புல்லாணியைத் திருமங்கையாழ்வார் இருபது பாசுரங்களில் பாடியிருக்கிறார். தலைவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் குரலில் அமைந்தவை அவை. 'புன்னை முத்தம் பொழில்சூழ்ந்து அழகாய புல்லாணியே' என்ற அடியைப் படிக்கும்போது புன்னை மொட்டும் முத்தும் ஒன்றாகிவிடும். கடலில் மூழ்கி எழுந்த மனிதருக்கு அந்த உவமையை விளக்கவேண்டியிராது. இராமநாதபுரம் மன்னர் சேதுபதி மீது பாடிய ஒருதுறைக் கோவையைச் சிலர் உங்களுக்குப் பரிந்துரைக்கக்கூடும். நாணிக் கண் புதைத்தல் என்ற ஒரே துறையில் நானூறு பாடல்கள் பாடிய அந்தப் புலமை பெரிதுதான். ஆனால் அது மாலை நேரத்தில் கேட்பதற்குரியதன்று, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறு பாடல்களில் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் மூன்று முதல் ஆறு அடிகளே. நாளைக்கு இரண்டு பாட்டு போதும். முதற்பாட்டிலேயே பசிய அடும்புக் கொடிகள் அறுபடத் தலைவனின் தேர் கடற்கரையில் வருகிறது. அடும்பு எந்த மணலில் படரும், எந்த மாதத்தில் பூக்கும் என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அந்தப் பாட்டின் பக்கத்திலேயே, நாளும் போட்டு, எழுதிவையுங்கள். பத்துப் பாட்டு ஆனதும் ஒரு படி எடுத்து எனக்கு அனுப்புவீர்களானால், அடுத்த இதழில் இந்தப் பகுதியை அதிலிருந்தே தொடங்குகிறேன்.